பேமஸ் பைவ் சிறுகதைகள்: ஒரு பின்நேர வகுப்பின் தீர்ப்பு

ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் பேமஸ் பைவ் என்றால் 21 நாவல் என்றுதான் எல்லாரும் கணக்குச் சொல்வார்கள். 1942இல் தொடங்கி 1963இல் முடிந்த வரிசை அது. அந்தக் கணக்குக்குள் வராமல் எட்டுச் சிறுகதைகள் இருக்கின்றன. கள்ளரைக் கண்டுபிடிக்கிற அதே நாலு பிள்ளைகள்: ஜூலியன், டிக், ஆன், பொடியன் மாதிரித் திரிகிற பெட்டை ஜோர்ஜ்; அவளுடைய நாய் ரிம்மி. பத்திரிகைகளுக்கும் ஆண்டு மலர்களுக்கும் என்று 1950களிலும் அதை ஒட்டியும் எழுதப்பட்டு, அந்தத் தாள்களோடேயே பழசாகிப்போனவை. எழுதியவர் 1968இல் இறந்துபோனார். 1995இல்தான் எட்டும் சேர்ந்து, 'பைவ் ஹாவ் எ பஸ்லிங் ரைம்' என்ற கதையின் பேரில் ஒரே புத்தகமாக வந்தன. பிறகு 2014இலிருந்து ஒரு கதைக்கு ஒரு மெல்லிய புத்தகமாக, வண்ணப்படங்களோடு தனித்தனியாகவும் வந்தன. இரண்டு வடிவமும் என்னிடம் இருக்கின்றன.

நான் இலங்கையில், கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவிலில் பின்நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன். கதையாகப் பார்த்தால் எட்டில் பாதிதான் தேறும். வகுப்பில் வைத்து வாசிக்க இதைவிட நல்ல சாமான் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தொகுப்பை யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகம் விற்கிற ஒரு கடையில் எடுத்தேன். சங்குப்பிட்டிப் பாலத்தால் பஸ்ஸில் திரும்பி வருகிற அலுப்புக்குக் கையில் ஏதாவது வேண்டும் என்று எடுத்ததுதான். பூநகரி வருமுன்னமே ஒரு கதை முடிந்துவிட்டது. வண்ணப் புத்தகங்கள் லண்டனில் இருக்கிற மச்சாள் கொண்டுவந்தவை. சொக்கலேற் பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள் போல, ஒன்றின் மூலையில் இன்னும் அந்த மணம் நிற்கிறது. வகுப்பில் முதல் கை நீள்வது அந்தப் புத்தகத்துக்குத்தான்.

என்னிடம் வருகிறவர்கள் தரம் 7இலிருந்து 9 வரை படிக்கிற பிள்ளைகள். பலர் இரணைமாதா நகரிலிருந்து சைக்கிளில் வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். இலக்கணப் பயிற்சி கொடுத்தால் கடகடவென்று இடைவெளி நிரப்பித் தருவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கதையைக் கடைசிப் பக்கம் வரை தானாக வாசித்து முடித்த அனுபவம் அநேகமாக ஒருவருக்கும் இல்லை. நாவல் கொடுத்தும் பார்த்தேன். நாலு பேரும் றெயினால் இறங்கி, ஜோர்ஜின் தாய் பானி மாமியைக் கட்டிப்பிடித்து, தேத்தண்ணி குடித்து முடிவதற்கிடையில் எங்கள் பிள்ளைக்குக் களைத்துவிடும். பக்கத்துக்குப் பத்துச் சொல் தெரியாமல் இருக்கும்போது இருபது அத்தியாயத்துக்கு ஆர் மினைக்கெடுவது? சிறுகதை வகுப்பில் தொடங்கி வகுப்பிலேயே முடிகிறது. முடிந்ததும் பிள்ளை புத்தகத்தை மூடி மேசையில் ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டுக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

இங்கே கிட்டடியில் கதைப்புத்தகம் வாங்குவதும் லேசில்லை. கடைக்குப் போனால் கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், புலமைப்பரிசில் வழிகாட்டி என்று கூரை வரை அடுக்கி இருக்கும். கதைப்புத்தகம் இருக்கோ என்று கேட்டால், "ஆருக்குத் தங்கச்சி, பரிசளிப்பு விழாவுக்கோ?" என்று கேட்பார்கள். பரிசாகக் கொடுக்கலாம், காசு கொடுத்து வாங்கி வாசிக்கவும் படும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பிளைட்டன் நாவலுக்குப் பேர் எடுக்க முந்தியே பத்திரிகைக்காரி. ஆசிரியப் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குப் படிப்பித்து, 1920களில் ஆசிரியர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதிவந்தவர். 1926இலிருந்து சன்னி ஸ்ரோறீஸ் என்ற சிறுவர் பத்திரிகையை நடத்தினார். 1937இல் அதன் பேரோடு அவருடைய பேரும் சேர்ந்துகொண்டது. போர்க்காலத்தில் தாள் தட்டுப்பாடு வந்து, வாராவாரம் வந்தது இரண்டு வாரத்துக்கு ஒருக்கால் என்று ஆனது. (தாள் தட்டுப்பாட்டை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சின ஒற்றைகளைக் கிழித்துத் தைத்துப் புதுக் கொப்பி ஆக்கினவர்கள் என் அக்காமார்.) 1953இல் அதை விட்டுத் தன் பேரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கி 1959 வரை கொண்டுபோனார். பேமஸ் பைவ் கழகம் என்று ஒன்றும் அதோடு ஓடியது. சேர்ந்த பிள்ளைகள் சில்லறை சேர்த்து ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். பொல்லாத பொம்மை அமேலியா ஜேன், கண்டதிலும் மூக்கை நுழைக்கிற மிஸ்டர் மெடில், மறதிக்காரர் மிஸ்டர் ட்விடில், அநியாயம் நடக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து நிற்கிற மிஸ்டர் பிங்க்-விசில் எல்லாரும் சன்னி ஸ்ரோறீஸ் பக்கங்களில் நடமாடியவர்கள்தான். இரண்டு பக்கம், மூன்று பக்கம், ஒரு குறும்பு, ஒரு தண்டனை, கதை சரி. அந்த அளவில் பிளைட்டனை வெல்ல ஆளில்லை.

பேமஸ் பைவை அந்த அளவுக்குள் அடக்கப் போகும்போதுதான் இடிக்கிறது. தட்டச்சு இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று தனக்கே தெரியாமல், மனக்கண்ணில் ஓடுகிறதைப் பார்த்து எழுதுவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாவலுக்கு அது பொருந்தும். சைக்கிளில் போய், கூடாரம் அடித்து, மழை வந்து, ஒரு குகை கண்டுபிடித்து, அதற்குள் ஒரு தகரப் பெட்டி என்று ஆறுதலாகப் போகலாம். சிறுகதையில் மூன்றாம் பக்கத்திலேயே கள்ளன் வந்தாக வேண்டும், வருகிறான். ஆறாம் பக்கத்தில் ரிம்மி அவன் காற்சட்டையைக் கவ்வ வேண்டும், கவ்வுகிறது. பிள்ளைகள் ஏதாவது யோசித்துக் கண்டுபிடிக்க முந்தியே நாய் கண்டுபிடித்துவிடுகிறது. மனிதர் நாலு பேரும் பார்வையாளர். எட்டில் பாதி தேறாது என்று சொன்னது இதனால்தான்.

சுரங்கப்பாதையும் பேருக்குத்தான். நாவல்களில் நிலத்துக்குக் கீழே ஊர்ந்து போகிற இடங்கள்தான் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பவை. 2008இல் போரால் முழங்காவிலை விட்டு வெளிக்கிட்டு, போன இடமெல்லாம் பங்கர் வெட்டி இருந்த எனக்கு அந்தப் பக்கங்களை இப்போதும் ஆறுதலாக வாசிக்க ஏலாது. ரோச் லைற்றோடு சிரித்துக்கொண்டு இறங்குகிறார்களே என்று நெஞ்சு ஒருமாதிரி இருக்கும். என்னிடம் படிக்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. "எப்ப மிஸ் கீழ இறங்குவினம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தச் சிறுகதைகளில் அவர்களுக்கு அது போதுமான அளவு கிடைக்காது.

எட்டில் சிறந்தது, தொகுப்புக்குப் பேர் கொடுத்த கதை. ஜோர்ஜுக்குப் பல்வலி. இரவில் நித்திரை வராமல் எழும்பி யன்னலால் பார்க்கிறாள். கடலுக்குள் இருக்கிற கிரின் தீவில் ஒரு வெளிச்சம். அந்தத் தீவு அவளுடையது, தாய் வழியில் வந்த சொத்து. விடிந்ததும் சொன்னால் நம்புவாரில்லை. பல்வலியில் கனவு கண்டிருப்பாய் என்கிறார்கள். தீவில் இருப்பது வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பொடியனும் அவனுடைய குரங்கும். கள்ளக்கடத்தல் இல்லை, துவக்கு இல்லை. கோபத்தோடு வந்து தனியே இருக்கிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான். பிளைட்டன் அவனைப் பிடித்துக் கொடுக்கவேண்டிய ஆளாக எழுதாமல், விளங்கிக்கொள்ளவேண்டிய ஆளாக எழுதியிருக்கிறார். மற்றக் கதைகளில் இல்லாத ஒரு கனம் இதில் இருக்கிறது.

இந்தக் கதை வாசித்த அன்று வகுப்பு நான் நினைத்த பக்கம் போகவில்லை.

"அந்தத் தீவு ஆற்ர மிஸ்?"

"ஜோர்ஜின்ர."

"அங்க நேவி இல்லையோ?"

கேட்டவளின் குடும்பம் இரணைதீவு, நேவி நிலைகொண்டிருந்த தீவு. 1992இல் இடம்பெயர்ந்து வந்து இரணைமாதா நகரில் இருந்தவர்கள். ஊருக்குத் திரும்ப விடுங்கள் என்று மாதக்கணக்காகப் போராடிப் பார்த்து, 2018 ஏப்ரலில் படகுகளில் ஏறித் தாங்களாகவே தீவில் போய் இறங்கிய சனம். "அம்மம்மாவும் அந்தப் படகில போனவ" என்றாள். பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு அவள்தான் கதை சொன்னாள். கோயில் எங்கே இருக்கு, கிணறு எங்கே இருக்கு, போய் இறங்கினவுடனே ஆர் என்ன செய்தது என்று. நான் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதி வந்தாள், இறந்தகாலம் எல்லாம் பிழை. திருத்தக் கை போகவில்லை, ஆனாலும் திருத்தினேன், அதற்குத்தானே தாய் காசு தருகிறா. தன்னுடைய தீவில் வேறு ஆரோ விளக்கு வைத்திருந்தால் ஜோர்ஜுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்பதை அவளுக்கு நான் ஒரு வசனத்திலும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஜோர்ஜின் தலைமயிர் கூடிப்போச்சு என்ற கதை இரண்டாவது. கள்ளரைப் பிடிக்கிற பகுதி சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் வெக்கைக்குத் தலைமயிர் பெரிய கரைச்சல், வெட்டியே தீருவேன் என்று ஒரு பெட்டை அடம்பிடிப்பது எங்கள் பெட்டைகளுக்கு எவ்வளவு பெரிய சங்கதி என்று நான் யோசித்திருக்கவில்லை. காலையில் எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னி, மடித்து, ரிபன் கட்டி, அப்படி இல்லாவிட்டால் வாசலில் மாணவத் தலைவியிடம் பேர் கொடுக்கிற பிள்ளைகள் இவர்கள். ஒருத்தி பின்னலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "எனக்கும் கூடிப்போச்சு மிஸ்" என்றாள். அடுத்த நாள் தாய் வந்து நின்றா. நண்டுக் கொம்பனியில் வேலை முடிந்து நேரே வந்தவா. "பிள்ளைக்கு என்ன புத்தகம் ரீச்சர் குடுத்தனீங்கள்? வெட்டப்போறன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள்." எடுத்துக் காட்டினேன். வண்ணப் புத்தகத்தில் ஜோர்ஜின் தலை கலைந்து, முகமெல்லாம் புள்ளிகளோடு இருக்கும். தாய் கனநேரம் பார்த்துவிட்டு, "பொடியன் மாதிரித்தான் இருக்கிறாள்" என்றா. குரலில் குறை இல்லை. தலைமயிர் வெட்டப்படவில்லை, ஆனால் புத்தகம் அந்த வீட்டுக்குப் போய் வந்தது.

சோம்பலான ஒரு பின்நேரம் என்று ஒரு கதை. வெயில் தாங்காமல் நிழல் தேடிப் போய்ப் படுக்கிறார்கள். இங்கிலாந்து வெயில்! சோளகம் அடிக்கிற ஓகஸ்டில் இதை வாசித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தார்கள். நத்தார்க் கதை சின்னது. வீட்டுக்குள் புகுந்து பரிசுப் பொருட்களைக் கள்ளர் தூக்குகிறார்கள், ரிம்மி பார்த்துக்கொள்கிறது. இரணைமாதா நகர்ப் பிள்ளைகள் பாலன் குடில் கட்டுகிற மார்கழியில் கொடுக்க அது காணும். மீதியில் இரண்டு மூன்றை எனக்கே இப்போது ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லக் கடினம்.

பல கதைகளின் வாலில் பொலிஸ் வரும். நல்ல பொலிஸ். பிள்ளைகள் சொன்னதை அப்படியே நம்பும், முதுகில் தட்டும். என் வகுப்பில் சிரிப்பு வருகிற இன்னொரு இடம் அது. "முறைப்பாடு எழுத எவ்வளவு நேரம் இருத்தி வைச்சவை மிஸ்?" என்று ஒரு பொடியன் கேட்டான். பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் திருப்பினேன்.

ஆன் வழக்கம்போலப் பாண் வெட்டிக்கொண்டும் பாத்திரம் அடுக்கிக்கொண்டும் இருக்கிறாள். இங்கிலாந்தில் இதற்காகப் பிளைட்டனைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள் கனபேர். பெண்பிள்ளையை அடுப்படியில் வைத்தது, வெளியாரைக் கெட்டவராகக் காட்டியது, இலக்கியத் தரம் இல்லாதது என்று குற்றச்சாட்டு நீளம். பி.பி.சி. வானொலி பல வருடம் அவரை வாசலுக்கு வெளியிலேயே வைத்திருந்தது. குற்றச்சாட்டுகளில் நியாயம் இருக்கிறது. தாடி வைத்தவன், அழுக்கு உடுப்புக்காரன், ஊருக்குப் புதியவன் என்றால் கள்ளன்தான் என்று பிள்ளை பழகக்கூடாது. நான் அந்த இடங்களில் நிறுத்தி, "இவனில ஏன் சந்தேகம் வந்தது?" என்று கேட்பேன். "வேற ஊர் ஆள், அதுதான்" என்பார்கள். "நாங்கள் எத்தனை ஊரில வேற ஊர் ஆக்களா இருந்தனாங்கள்?" என்று அடுத்த கேள்வி. அதற்கு மேல் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆன் விசயத்தைப் பெட்டைகளே பார்த்துக்கொள்கிறார்கள். நாடகமாக நடித்தால் ஆன் ஆக ஒருத்தியும் வரமாட்டாள், ஒரு பொடியனைத்தான் பிடித்துப் போடவேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பேமஸ் பைவ் என்றதும் ஜிஞ்சர் பியரை அண்டா அண்டாவாகக் குடிப்பது பற்றிய ஒரு வசனத்தைச் சனம் சொல்லும். அது பிளைட்டன் எழுதியதே இல்லை. 1982இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஒரு நையாண்டியில் இருந்து ஊரெல்லாம் பரவியது. ஆனால் குடிக்கிறார்கள் என்பது உண்மை, அதில் எங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இந்தியப் பிள்ளைக்கு ஜிஞ்சர் பியர் என்றால் என்ன என்று சொல்லிக் களைக்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு யானைப் படம் போட்ட ஜிஞ்சர் பியர் போத்தலைக் காட்டினால் காணும். ஸ்கோன் என்பதைத்தான் ஆரும் நம்பவில்லை. பணிஸ் மாதிரி என்று சொல்லித் தப்பினேன்.

மொழி எளிது. வசனம் சின்னது, பாதிக்கு மேல் பேச்சு. ஆள் ஆளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கலாம். ஐம்பதுகளின் பேச்சுவழக்கு ஆங்காங்கே வரும். கோலி, ஐ சே, ஜோலி குட் என்று. பரீட்சைக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. ஆனால் என் வகுப்பில் இப்போது வீட்டுவேலை சரியாகச் செய்தவருக்குப் பின்வாங்கிலிருந்து ஜோலி குட் விழுகிறது. 2010இல் நாவல்களின் மொழியைப் புதுசாக்கப் பார்த்து, அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற சொல்லைக்கூட மாற்றிப் போட்டார்கள். வாசகர் ஏற்கவில்லை, சில வருடத்தில் பழையதுக்கே திரும்பினார்கள். எனக்கும் பழையதுதான் விருப்பம். பிள்ளைக்கு எல்லாமே தெரியாத சொல்லாக இருக்கும்போது பழசென்ன, புதுசென்ன.

இனிப் புத்தகமாக. தொகுப்பு மெல்லிய மட்டைப் புத்தகம், படம் குறைவு, எழுத்துச் சின்னது. முதுகுப் பசை எங்கள் வெக்கைக்கு நிற்காது. என்னுடையது இடையால் பிளந்து நடு ஒற்றைகள் கழன்றுவிட்டன. ஒரு பிள்ளையின் அப்பு வலை தைக்கிற நைலோன் நூலால் குத்தித் தைத்துத் தந்தார். ஐந்து துளை, நடுவில் ஒரு முடிச்சு, அதுக்கு மேலே கலண்டர் தாளில் உறை. இனி நான் செத்தாலும் அது பிரியாது. வண்ணப் புத்தகங்களில் தாள் மொத்தம், எழுத்துப் பெரிசு, ஜேமி லிட்லர் வரைந்த படம் பக்கத்துக்குப் பக்கம். முதல் நாவல்களுக்கு ஐலீன் சோப்பர் வரைந்த கோட்டுப்படங்களின் அழகு இவற்றில் இல்லை, எல்லாரும் கேலிச்சித்திரம் மாதிரி முழிக்கிறார்கள். என் ரசனையைப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை. ஒரு படத்தைப் பார்த்து அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துவிட்டு வாசிக்கத் தொடங்குகிறார்கள், தெரியாத சொல் பாதிக்குப் படமே பதில் சொல்லிவிடுகிறது.

காசுதான் பிரச்சினை. ஒரு கதைக்கு ஒரு புத்தகம் என்று எட்டையும் இங்கே புதுசாக எடுப்பதென்றால் வகுப்புக் காசில் நடவாது. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்து, என்ன கொண்டுவர என்று கேட்டால், சொக்கலேற்றுக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள். பல்வலிக் கதையும் தலைமயிர்க் கதையும் வண்ணத்தில் இருந்தால் போதும், மற்றவைக்குப் பழைய புத்தகக் கடையில் தொகுப்பைத் தேடுங்கள். தரம் 6க்குக் கீழே கொடுக்காதீர்கள், படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். சாதாரணதரம் எடுக்கிற பிள்ளைக்கும் வேண்டாம், குழந்தைப்பிள்ளைக் கதை என்று முகத்தைச் சுளிக்கும். வாசிக்கிற ஒழுங்கு என்று கேட்டால் தலைமயிரில் தொடங்குங்கள், வெயில் கதையை வெயிலுக்கும் நத்தார்க் கதையை மார்கழிக்கும் வையுங்கள், தீவைக் கடைசிக்கு விடுங்கள். அதற்குப் பிறகு பிள்ளை தானாக வந்து சுரங்கப்பாதை இருக்கிற புத்தகம் இருக்கோ என்று கேட்கும். அப்போது நாவலைக் கொடுக்கலாம்.